வைரக்கண்ணு மாஸ்டரின் தட்டைப்பயறு

பூலாம்பாடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணம், காதுகுத்து என்று எது நடந்தாலும் பந்தல்காரரைப் பார்ப்பதற்கு முன்பே வைரக்கண்ணு மாஸ்டரைப் பார்த்துத் தேதி கேட்டுவிடுவார்கள். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களை எடுத்தவர்கள். பள்ளிக்கூடம் பிடிக்காமல் குரும்பலூர் சமையல்காரர் ஒருவரிடம் அண்டா கழுவப் போன வைரக்கண்ணு, கழுவினதோடு நிற்காமல் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருந்து, மீசை முளைப்பதற்குள் கரண்டி பிடித்துவிட்டார். அந்தக் கரண்டியை இன்றைக்கும் துண்டில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டுதான் போவார். வாய் ஓயாது. உலையோடு பேசுவார், புளியோடு பேசுவார், உப்புப் பத்தாத சாம்பாரைத் திட்டுவார்.

ஒரே ஒரு கல்யாணம் மட்டும் அவருக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது. ஜெயங்கொண்டத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். கத்தரிக்காய் போட்டுத் தட்டைப்பயறு காரக்குழம்பு கேட்டிருந்தார்கள். டவுன் கடையில் சின்னதாய், சிவப்பாய், பளபளவென்று இருந்த பயறைக் கடைக்காரர் அள்ளிக் காட்டி, "இப்பத்தான் காட்டுலேருந்து வந்துச்சு" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். மாஸ்டரும் வாங்கிவிட்டார். இரவெல்லாம் ஊறவைத்தும் பயறு ஊறினதாகத் தெரியவில்லை. விறகை மேலும் மேலும் தள்ளினார்கள். கத்தரிக்காய் கரைந்து காணாமல் போனதே தவிர, பயறு அப்படியே இருந்தது. வேறு வழியில்லாமல் பந்திக்குப் போயிற்று. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு வாய் எடுத்து வைத்துக் கடித்தவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"யோவ், சமையல்காரன் பேரு என்னய்யா?"

"வைரக்கண்ணுங்க."

"அதான பாத்தேன்! பயறுக்குப் பதிலா வைரத்தப் போட்டு வச்சிருக்கான்!"

பந்தி முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அந்தப் பக்கத்தில் அவருக்கு 'வைரப்பயறு' என்று பெயர் விழுந்துவிட்டது. மாஸ்டர் எதையும் மனசில் வைத்துக்கொள்ளாத ஆள்தான். ஆனால் சிவப்புத் தட்டைப்பயறை மட்டும் மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு அவருடைய சமையலில் பெரிய வெள்ளைப் பயறுக்குத்தான் இடம்.

ஐம்பது வயது தாண்டிய பிறகு அவருக்கு நிலம் வாங்கும் ஆசை வந்தது. பச்சைமலைக்குப் போகிற ரோட்டோரம், அவருடைய அம்மா கூலிக்குக் களை எடுத்த காட்டில் ஒரு துண்டு விலைக்கு வந்தது. மனைவி வேணி, "நமக்கு வெள்ளாமையப் பத்தி என்னங்க தெரியும்?" என்றாள். "சோத்தப் பத்தித் தெரியும்ல? அது எங்கேருந்து வருது?" என்று சொல்லி வாங்கிவிட்டார்.

சோறு எங்கிருந்து வருகிறது என்பது முதல் வருடமே தெரிந்துபோயிற்று. மக்காச்சோளம் போட்டார், படைப்புழு குருத்தைத் தின்றது. அடுத்த வருடம் பருத்தி போட்டார். மழை வெடித்த காயை நனைத்துவிட்டுப் போயிற்று. பக்கத்துக் காட்டுக்காரர் அய்யாக்கண்ணு, வரப்பில் நின்று தலையை ஆட்டினார்.

"வைரம், வெள்ளாமைங்கிறது ரசம் இல்லப்பா. கொஞ்சம் தண்ணி ஊத்திச் சரிபண்ண முடியாது."

அய்யாக்கண்ணு பரம்பரையாக வெள்ளாமை செய்கிறவர். வாய் கேலி பேசினாலும், மாஸ்டர் மருந்து அடிக்கத் தடுமாறினால் தன் ஆளை அனுப்பிவைப்பார். அதனால் மாஸ்டரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் விவசாய ஆராய்ச்சி ஆபீஸிலிருந்து புவனேஸ்வரி என்ற இளம் விஞ்ஞானி ஊருக்கு வந்தார். கூட்டுறவுச் சங்கத்து வாசலில் எல்லோரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். நாலு வகைத் தட்டைப்பயறை ஒரே நிலத்தில் போட்டு, எது நன்றாகக் காய்க்கிறது, எது நோய் தாங்குகிறது, எது சமையலுக்கு நன்றாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விதை ஆபீஸ் தரும். நிலமும் உழைப்பும் விவசாயியுடையது. நாலையும் தனித்தனியாகப் பறித்துத் தனித்தனியாகக் களத்தில் அடிக்க வேண்டும்.

கூட்டம் மெல்லக் கலையத் தொடங்கியது. ஒரே காட்டில் நாலு வகை, நாலு பறிப்பு என்றால் யாருக்குப் பொறுமை இருக்கிறது? "சமையலுக்கு" என்ற வார்த்தை காதில் விழுந்தவுடன் நிமிர்ந்தவர் ஒருவர்தான்.

"நம்ம காட்டுல போடுங்க மேடம்!"

"நல்லதுண்ணே. வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுங்க."

"அதெல்லாம் கேட்டாச்சு" என்றார் மாஸ்டர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேணி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், கேட்கவில்லை என்பது புவனேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. வேணியைப் பார்த்தே கேட்டார்: "அக்கா, நீங்க சொல்லுங்க. பறிக்கப் போறது நீங்கதான?"

வேணி கொஞ்சம் யோசித்தாள். "சோளமும் போச்சு, பருத்தியும் போச்சு. பயறு போனா குழம்பாவது மிஞ்சும். போடுங்க மேடம்."

புரட்டாசி மழை இறங்கியதும் புவனேஸ்வரி விதையோடு வந்தார். பையைப் பிரித்துப் பார்த்த மாஸ்டரின் முகம் சுருங்கியது. நாலில் ஒன்று சின்னதாய், சிவப்பாய் இருந்தது.

"மேடம், இது மட்டும் வேணாம். இது என் சமையல்லயே சேராது."

"அதையும் சேத்துத்தாண்ணே பாக்கணும்."

"அப்ப ஒரு ஓரமாப் போட்டுடுங்க. என் கண்ணுல படாம இருக்கட்டும்."

"எதை எங்க போடுறதுன்னு நானும் முடிவு பண்ணக்கூடாது, நீங்களும் பண்ணக்கூடாது. சீட்டுக் குலுக்கித்தான் போடணும். ஒவ்வொண்ணையும் மூணு மூணு இடத்துல போடுவோம்."

நிலத்தை இப்படிக் கந்தல் துணி மாதிரி துண்டுபோடுவது ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. புவனேஸ்வரி காட்டைக் காட்டினார். கீழண்டைப் பக்கம் பள்ளம், தண்ணீர் நிற்கும். மேலண்டைப் பக்கம் சரளை. ஒரே பயறைப் பள்ளத்தில் மட்டும் போட்டால் அது காய்த்ததற்கு ஈரம் காரணமா, விதை காரணமா என்று எப்படித் தெரியும்?

மாஸ்டருக்குப் பளிச்சென்று புரிந்தது. "அட! முதப் பந்திக்குச் சூடா சோறு, கடைசிப் பந்திக்கு ஆறின சோறு. கடைசிப் பந்தியில மட்டும் உக்காந்தவனக் கேட்டா சமையல் சரியில்லன்னுதான் சொல்லுவான். எல்லாப் பந்தியிலயும் கேட்டாத்தான் நெசம் தெரியும்."

"அதேதாண்ணே" என்று சிரித்தார் புவனேஸ்வரி.

வேணிதான் சீட்டு எடுத்தாள். சிவப்புப் பயறுக்கு மூன்றில் ஒரு இடம் மோட்டார் கொட்டகைக்கு நேர் எதிரே விழுந்தது. தினமும் காலையில் காட்டுக்கு வந்தால் முதலில் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

பாத்திகளில் எண் எழுதிய பலகைகளை நட்டார்கள். ஆனால் எண்களை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? செடி முளைத்துக் கொஞ்சம் வளர்வதற்குள் வேணி எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டாள். பெரிய வெள்ளைப் பயறு வெள்ளச்சி. கொடி வீசி, கம்பு கிடைத்தால் ஏறி, நீள நீளமாய்க் காய் தொங்கவிட்டது நெட்டையன். உடம்பெல்லாம் புள்ளி போட்ட பயறு புள்ளிக்காரி. சிவப்பு, செவப்பி. கொஞ்ச நாளில் புவனேஸ்வரியும் போனில், "அக்கா, நெட்டையன் எப்படி இருக்கான்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஐப்பசியில் அடைமழை. பள்ளத்துப் பாத்திகளில் தண்ணீர் நின்றது. வாய்க்கால் வெட்டி வடித்தார்கள். கார்த்திகையில் வெயில் தலைகாட்டியதும் செடிகள் போட்டி போட்டுப் பூத்தன. மாஸ்டர் கல்யாண வேலை முடிந்து வந்து, தூங்காத கண்ணோடு நேரே காட்டுக்குப் போய் வெள்ளச்சிப் பாத்தியில்தான் நிற்பார். அதன் இலையைத் தடவிக்கொடுப்பார். "என் கண்ணு, நீதான் ஜெயிக்கப் போற" என்பார். செவப்பியைத் தாண்டும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும்.

ஒருநாள் காலையில் வெள்ளச்சியின் கொழுந்தில் அசுவினிப் பூச்சி கறுப்பாய் அப்பியிருந்தது. அடுத்த சில நாட்களில் இலைகளில் பச்சையும் மஞ்சளுமாய்த் திட்டுத் திட்டாகத் தேமல் விழுந்தது. இலை சுருண்டது; செடி குன்றிப்போயிற்று. மூன்று இடத்திலும் வெள்ளச்சிக்கு அதே கதி. பக்கத்துப் பாத்தியில் இருந்த செவப்பியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேமல் தெரிந்தாலும் செடி பாட்டுக்குப் பூத்துக்கொண்டு நின்றது.

மாஸ்டரால் தாங்க முடியவில்லை. அய்யாக்கண்ணுவிடம் விசைத்தெளிப்பானை வாங்கி, வேப்பெண்ணெய்க் கரைசலை நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். காட்டு வாசலில் வேணி மறித்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"வெள்ளச்சிக்கு மட்டும் ஒரு அடி."

"அடிக்கக்கூடாதுன்னு மேடம் சொல்லல?"

"ஏ புள்ள, கண்ணு முன்னாடி சாவுது. பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா? வெறும் வேப்பெண்ணெதான்!"

"அப்ப செவப்பிக்கு யாரு அடிப்பா? புள்ளிக்காரிக்கு? ஒருத்திக்கு மட்டும் நெய்ய ஊத்திட்டு, எல்லாத்துக்கும் ஒரே சோறுன்னு சொல்லுவீங்களா?"

மாஸ்டர் தெளிப்பானோடு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வேணியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவரே புவனேஸ்வரிக்குப் போன் செய்து, அடிக்கப் போனதையும் அடிக்காததையும் சொன்னார்.

"எனக்கும் கஷ்டமாத்தாண்ணே இருக்கு" என்றார் புவனேஸ்வரி. "ஆனா நாளைக்கு இந்த வெதைய நூறு பேருக்குக் குடுத்து, அவங்க காட்டுல இப்படி வந்தா? இப்ப உங்க காட்டுல தெரிஞ்சது நல்லதில்லையா?"

"நல்லதுதான் மேடம். பாக்கத்தான் முடியல."

தெளிப்பானை எடுத்துக்கொண்டு போய் வீட்டு முருங்கைக்கு அடித்துவிட்டு வந்தார்.

மார்கழியில் பறிப்பு. வேணியோடு வளர்மதி, சசிகலா என்று தெருப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொரு பாத்திக்கும் தனிச்சாக்கு; கலந்துவிடாமல் இருக்க வாயில் கலர்த்துணி கட்டினார்கள். நெட்டையனைப் பறிக்கும்போதுதான் வசவு அதிகம். கொடி காலைச் சுற்றியது. காய் மூன்று தடவையாக முற்றியது. ஆனால் எடை போட்டபோது நெட்டையன்தான் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். அடுத்தது செவப்பி. புள்ளிக்காரி சுமார். வெள்ளச்சியின் சாக்கு பாதிகூட நிறையவில்லை. மாஸ்டர் அதை மட்டும் தானே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார்.

"இன்னும் சமையல் இருக்கு. அங்க பாத்துக்கலாம்" என்றார்.

தை பிறந்ததும் சமையல் நாள் வைத்தார்கள். மாஸ்டர் வீட்டு வாசலில் செங்கல் வைத்து அடுப்புகள். ஒரே அளவுப் பாத்திரங்கள், ஒரே குடத்துத் தண்ணீர், ஒரே அளவு பயறு. மாஸ்டர் தலையில் துண்டு கட்டி, கரண்டியோடு, முகூர்த்த நாள் போல நின்றார்.

"தேங்கா துருவியாச்சு. கடுகு, வரமொளகா, பெருங்காயம் எல்லாம் ரெடி."

"அண்ணே, தாளிக்கக்கூடாது."

"என்னது?"

"வெறும் உப்புதான். இல்லன்னா பயறு ருசி தெரியாது. உங்க கைப்பக்குவம்தான் தெரியும்."

"கடுகுகூடவா?"

"கடுகுகூட வேணாம்."

"கறிவேப்பில ஒரு இணுக்கு... சும்மா வாசத்துக்கு?"

"வேணாம்ணே."

இத்தனை வருடச் சமையலில் அவர் இப்படி ஒரு சோதனையைக் கண்டதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஐந்தாவதாக ஒரு பாத்திரம் இருந்தது. அதிலும் சிவப்புப் பயறு. "இது என்ன, செவப்பிக்கு மட்டும் ரெண்டு அடுப்பு?" என்று கேட்டார்.

"அது ஆபீஸ்ல போன வருஷம் வெளஞ்சது. ஒரு கோடைய முழுசா மூட்டையிலயே கழிச்சிருக்கு. புதுசுக்கும் பழசுக்கும் வித்தியாசம் பாக்கணும்."

முதலில் வெந்தது செவப்பி. மாஸ்டர் ஒரு பயறை எடுத்து நசுக்கினார், மாவாய்க் கரைந்தது. நம்பாமல் இன்னொன்றை நசுக்கினார். அடுத்து வெள்ளச்சி வெந்தது, பிறகு புள்ளிக்காரி. நெட்டையன் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, தோல் மட்டும் சக்கையாய் நின்றான். ஐந்தாவது பாத்திரம் கொதித்துக்கொண்டே இருந்தது. எல்லா அடுப்பும் அணைந்த பிறகும் அதிலிருந்த பயறு நகத்துக்கு அசையவில்லை.

மாஸ்டர் அந்தப் பாத்திரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"பழசு வேக நேரமாகும்னு தெரியும் மேடம். இவ்வளவு மோசமா போவும்னு நெனச்சதில்ல."

"வெயில்ல, புழுக்கத்துல கெடந்தா இப்படித்தாண்ணே இறுகிடும். மேல எண்ணெயத் தடவிட்டா பாக்கப் புதுசு மாதிரியே இருக்கும்."

"பளபளன்னு இருக்குமா?"

"ஆமா."

அவர் ஜெயங்கொண்டத்துக் கதையைச் சொன்னார். கடைக்காரர் அள்ளிக் காட்டியது, தாய்மாமன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தது எல்லாம். சொல்லி முடித்துவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். "அடப்பாவி! எவனோ எண்ணெயத் தடவி ஏமாத்துனதுக்கு, இந்தப் புள்ளைய இத்தன வருஷம் ஒதுக்கி வச்சிட்டனே!" சிரித்ததில் கண்ணில் நீர் வந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

சாப்பிட்டுப் பார்க்க ஊரே வந்தது. ஆளுக்கொரு தாள். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம் என்று படம் போட்டிருந்தது. பிடித்ததற்கேற்ப டிக் அடிக்க வேண்டும். அய்யாக்கண்ணு நெட்டையனை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார்.

"என்னண்ணே, என்ன மொகம் போடுறீங்க?" என்று கேட்டார் மாஸ்டர்.

"இன்னும் மென்னு முடிக்கலப்பா. நீ போயிட்டு நாளைக்கு வா."

வெள்ளச்சியும் செவப்பியும் கிட்டத்தட்டச் சமமாகச் சிரிக்கிற முகம் வாங்கின. மாஸ்டர் விடவில்லை. "ரெண்டும் ஒண்ணாயிருமா? கண்ணக் கட்டிக் குடுத்தாகூட என் வெள்ளச்சிய நான் சொல்லிருவேன்!"

வளர்மதி உடனே அவர் தலையிலிருந்த துண்டை அவிழ்த்துக் கண்ணைக் கட்டிவிட்டாள். வேணி முதலில் ஒரு கிண்ணத்திலிருந்து ஊட்டினாள்; பிறகு இன்னொன்றிலிருந்து. மாஸ்டர் நிதானமாக மென்றார். நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"ரெண்டாவது கிண்ணம்! வெண்ணெ மாதிரி கரையுது பாரு. இதுதான் என் வெள்ளச்சி."

வாசலே அதிரச் சிரிப்பு. கட்டை அவிழ்த்துப் பார்த்தால் வேணியின் கையில் இருந்த இரண்டாவது கிண்ணம் செவப்பி. மாஸ்டர் அந்தக் கிண்ணத்தை வாங்கி, மிச்சமிருந்ததையும் வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

"மேடம், முடிஞ்சுதுல்ல? இப்பவாவது தாளிக்கலாமா?"

அன்றைக்கு வெந்து மிஞ்சிய பயறு எல்லாவற்றையும் தாளித்துத் தேங்காய் போட்டுச் சுண்டலாக்கி ஊருக்கே கொடுத்தார்.

ஒரு வருடத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது, இன்னொரு பருவம் பார்க்க வேண்டும், வேறு ஊர்களிலும் போட்டிருக்கிறோம் என்று புவனேஸ்வரி சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் தெருப் பெண்கள் காத்திருக்கவில்லை. செவப்பி விதை கேட்டு வேணியிடம் ஆளுக்கொரு கிண்ணத்தோடு வந்து நின்றார்கள். அய்யாக்கண்ணுகூட மக்காச்சோளத்துக்கு ஓரமாகப் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். வெள்ளச்சியை மாஸ்டர் முழுக்க விடவில்லை. கொல்லையில் நாலு செடி மட்டும் போட்டு, மனசார வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டிருக்கிறார்.

நெட்டையனை என்ன செய்வது என்பதுதான் பாக்கியாக இருந்தது. அதற்கு வழி கண்டது வேணி. பறிப்பின்போது பிஞ்சுக் காயை ஒடித்து வாயில் போட்டுப் பார்த்திருந்தாள். நார் இல்லாமல் இனித்தது. பயறாக முற்றவிட்டால்தானே தோல் தடிக்கும்? மாசியில் மோட்டார்த் தண்ணீரில் நெட்டையனை மட்டும் கொஞ்சம் போட்டு, பந்தல் கட்டி ஏற்றிவிட்டாள். பிஞ்சிலேயே பறித்து, கட்டுக் கட்டாகக் கட்டி, பூலாம்பாடிச் சந்தைக்குக் கொண்டுபோனாள்.

கல்யாணம் இல்லாத வாரங்களில் மாஸ்டரும் கூடப் போவார். தராசு பிடிப்பதுதான் அவர் வேலை. ஆனால் யாராவது காயை ஒடித்துப் பார்த்து, "இத எப்படிங்க செய்யறது?" என்று கேட்டுவிட்டால் போதும். தராசைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்கிவிடுவார். "முதல்ல வெங்காயத்தப் பொடிசா அரிஞ்சுக்கிட்டு, எண்ணெ காஞ்சதும்..." என்று அவர் போகப் போக, பின்னால் வாங்க வந்தவர்களும் நின்று கேட்பார்கள். முன்னால் பையை நீட்டிக்கொண்டு நிற்பவருக்குக் கை வலிக்கும். வேணி அவர் விலாவில் ஒரு இடி இடிப்பாள்.

"மொதல்ல எடையப் போடுங்க. பாவம், அந்தக்கா பஸ்ஸுக்குப் போவணும்."

"இந்தா, போட்டாச்சு" என்று தராசை எடுப்பார். எடுத்தவர் மறுபடியும் அந்தப் பெண்ணிடம் குனிந்து, "தேங்காய மட்டும் கடைசியில போடுங்கம்மா, மறந்துறாதீங்க" என்பார்.